ஆழம் எழுதாத உறுதி

கல்முனையிலிருந்து தெற்கே காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்து அக்கரைப்பற்று வீதியில் செல்வோர் களியோடைப் பாலத்தைத் தாண்டியதும் ஒலுவிலை அடைவர். இந்தப் பாலத்தின் பெயரை நாம் வகுப்பில் எழுதும்போதெல்லாம் ஒரு சிறு வழக்கு எழும். ‘களியோடை’ என்பதா, ‘கழியோடை’ என்பதா? கழி என்றால் உப்பங்கழி. களி என்றால் குழைந்த மண். தமிழாசிரியர் என்ற முறையில் தீர்ப்புக் கூற நாம் இதுவரை துணியவில்லை. வயல்களின் வடிநீரைக் கடலுக்குக் கொண்டு செல்லும் அந்த ஓடையில் கழியும் உண்டு, களியும் உண்டு.

சென்ற தவணையில் கனவளவுக் கணக்குப் பாடத்திற்குப் பொறுப்பான ஆசிரியர் விடுமுறையில் இருந்தமையால் அந்தப் பாடவேளை நம் தலையில் விழுந்தது. தமிழ் படித்தவனுக்குக் கணக்கென்றால் சற்று அச்சந்தான். ஆகவே ஊரறிந்த பொருளையே எடுத்துக்கொண்டோம். ஓர் ஏக்கர் வயலில் மூன்றடி ஆழத்திற்குக் களிமண் எடுத்தால் எத்தனை கியூப் தேறும்? ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. மூன்றடி ஆழமெனில் 1,30,680 கன அடி. நூறு கன அடி ஒரு கியூப் ஆதலின் ஏறத்தாழ 1,307 கியூப். மாணவர்கள் விடையைக் கண்டுவிட்டனர். பின்வரிசையில் இருந்த ஒருவன் மட்டும் எழுந்து, “மூண்டடி எண்டு ஆர் சேர் சொன்ன? எங்கட வாப்பாட காணியில ஏழடி எடுத்திட்டாங்க” என்றான்.

மறுநாள் அவன் அந்தக் குத்தகை உறுதியின் பிரதியைக் கொண்டுவந்து காட்டினான். ஒரே தாள். காணியின் நான்கெல்லைகள் இருந்தன, தொகை இருந்தது, மூன்று ஆண்டு என்ற தவணை இருந்தது, இரு சாட்சிகளின் கையொப்பம் இருந்தது. ஆழம் இல்லை. ஏழடி எனக் கொண்டு கணக்கிட்டால் 3,049 கியூப். விலை மூன்றடிக்கும் ஒன்றுதான், ஏழடிக்கும் ஒன்றுதான். 1,742 கியூப் மண் எழுத்தில் இல்லாமலே வயலைவிட்டுப் போயிருக்கிறது. அந்த வயல் இன்று வடிகாலின் அடிமட்டத்திற்கும் கீழே கிடக்கிறது. பெரும்போக மழை விழுந்தால் நீர் இறங்கும், வெளியேற வழியில்லை. நெற்பயிர் நீரில் நிற்கும், நீருக்குள் நிற்காது என்பதை விவசாயிக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்த ஒரு தாளே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. மண் எடுப்பது இக்கரைக்குப் புதிதன்று. ஆயின் எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்தலாம், எடுத்த குழி பின்னர் என்னவாகும் என்பவற்றை யார், எக்காலத்தில், எந்த முறையில் தீர்மானித்தனர்? இந்த வினாவை வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம்.

அம்பாறைக் கரையோரத்தின் மண்ணை மூன்று பட்டைகளாகக் காணலாம். கடலோரத்தில் மணல். அதற்கு உட்புறம், பட்டிப்பளை ஆறு யுகயுகமாகக் கொண்டுவந்து படியவைத்த வண்டலும் களியும். இதுவே நெல்விளையும் வட்டைகள். அதற்கும் மேற்கே, மேட்டுநிலக் காடுகளில், செங்கபில மண்ணின் அடியில் பருக்கைக் கற்கள் கலந்த கிறவல். வீட்டுக்குச் செங்கல்லும் ஓடும் நடுப்பட்டையிலிருந்து வரவேண்டும். வீதிக்கும் அத்திவாரத்திற்கும் மேற்குப் பட்டையிலிருந்து கிறவல் வரவேண்டும். பூச்சுக்கும் கொங்கிறீற்றுக்கும் ஆற்று மணல் வேண்டும். மக்கள் நெருக்கமாக வாழ்வதோ கடலோரப் பட்டையில். ஆகவே இங்கு ஒரு வீடு எழும்போதெல்லாம் மேற்கே எங்கோ ஒரு பள்ளம் விழுகிறது.

களிமண்ணைச் சுட்டுக் கல்லாக்கும் தொழிலின் பழமைக்குத் தீகவாபிச் செங்கற் குவியல் ஒன்றே போதிய சான்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சத்தாதிஸ்ஸன் எழுப்பியதாக மரபு கூறும் அத்தூபிக்கு எத்தனை இலட்சம் கற்கள் வேண்டியிருந்திருக்கும்! அக்கற்களுக்கு மண் தந்த பள்ளங்கள் எங்கே என்று தேடினால் அகப்படா. அவை குளமாகியோ வயலாகியோ நிலத்தோடு கலந்துவிட்டன. பழைய குளவெட்டுக்காரனின் முறையில் ஓர் எளிய அறிவு இருந்தது. கட்டு எழுப்ப வேண்டிய மண்ணைக் குளத்தின் வயிற்றிலிருந்தே எடுத்தான். கட்டு உயர உயரக் குளம் ஆழமாயிற்று. பள்ளமும் மேடும் ஒரே வேலையின் இரு பக்கங்களாயின. ஆண்டுதோறும் தூர்வாரிய வண்டலை வயலுக்கே திருப்பிக் கொடுத்தனர். இந்த ஏற்பாட்டை நாம் பொற்காலமாகப் போற்றவில்லை; இராசகாரியம் என்ற கட்டாய ஊழியமே அதன் முதுகெலும்பு. மண்வெட்டி பிடித்தவன் கூலி கண்டவனல்லன். ஆயினும் ஆழத்திற்கு ஓர் அளவு இருந்தது. அதை ஊர் அறிந்திருந்தது.

1832ஆம் ஆண்டில் கோல்புறூக் விசாரணையை அடுத்து இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் போனது நன்றே. ஆனால் அதனிடத்தில் வேறெதனையும் வைக்காமலே ஒழித்தமையால் குளங்கள் தூர்ந்தன. பதினாறு ஆண்டுகள் சென்றபின், கட்டாய ஊழியம் வேறு வேடத்தில் வந்தது. 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டத்தின்படி 18 முதல் 55 வயதுவரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும். இல்லையேல் பணங்கட்ட வேண்டும். அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று என்பதை மாணவர் அறிவர். வீதி என்றால் கிறவல் என்பதை மட்டும் பாடநூல்கள் சொல்வதில்லை. கிறவல் தோண்டி, சுமந்து, பரப்பி, திமிசு போட்டு இறுக்குவதே அந்த ஆறு நாளின் பொருள். கோப்பித் தோட்டத்துக்குப் பாதை வேண்டியிருந்தது. பாதைக்கு உழவனின் தோள் வேண்டியிருந்தது.

1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வார்ட் கிழக்கிற்கு வந்து பார்த்தார். 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம் அவர் காலத்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அவர் முயற்சியால் திருத்தப்பட்டன. அச்சட்டத்தில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு: வயற்காரரின் பழைய வழக்காற்றை அது சட்டமாக ஏற்றுக்கொண்டது. வட்டை விதானை என்ற பதவி இன்றும் நம் வயல்களில் வழங்குவது அந்தத் தொடர்ச்சியே. நீரை எவன் முதலில் பெறுவது, வரம்பை எவன் கட்டுவது, வாய்க்கால் ஓரத்தில் மண் வெட்டலாமா, கூடாதா என்பன எல்லாம் வயற்கூட்டத்தில் பேசித் தீர்க்கப்பட்டன. கூட்டத்தில் போடியாரின் குரல் உரத்தும் முல்லைக்காரனின் குரல் தாழ்ந்தும் இருந்தது உண்மை. அதை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது.

இனி, விஞ்ஞானம் வந்த கதை. 1903ஆம் ஆண்டில் இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைவராக ஆனந்த குமாரசுவாமி அமர்த்தப்பட்டார். கலைஞானியென்றே நாம் அறிந்திருக்கும் அப்பெரியார் அடிப்படையில் புவிச்சரிதவியல் கற்றவர். 1904இல் தோரியனைற்று என்ற புதிய கனிப்பொருளை உலகுக்கு அறிமுகப்படுத்திய பெருமை அவருடையது. அந்த அளவையின் கண் இரத்தினத்தையும் காரீயத்தையும் அரிய கனிகளையும் தேடிற்று. களிமண்ணும் கிறவலும் அரசுக்குக் கனிப்பொருளாகத் தோன்றவில்லை. விலை மலிந்த பொருளைப் பற்றி எந்த அரசும் அறிக்கை எழுதுவதில்லை. ஆனால் எடையைக் கொண்டு கணக்கிட்டால் இந்நாட்டு நிலத்திலிருந்து எடுக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி இந்த மலிந்த பொருளே.

1949ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. இங்கினியாகலவில் அணைகட்டும் ஒப்பந்தம் மொறிசன்-நட்சன் என்ற அமெரிக்கக் கொம்பனிக்குக் கொடுக்கப்பட்டது. கொலராடோ ஆற்றில் ஹூவர் அணையைக் கட்டிய கூட்டில் பங்குகொண்ட அதே கொம்பனி. கல்லோயா அணை மண்ணணை. 7,70,000 ஏக்கர் அடி நீரைத் தாங்கும் சுவரை மண்ணாலேயே எழுப்பினர். மாட்டுவண்டியையும் மண்வெட்டியையும் கண்டு பழகிய ஊர்கள் புல்டோசரையும் கண்டன.

மண்ணணை கட்டுவோன் மண்ணைக் கண்டபடி அள்ளமுடியாது. முதலில் சோதனைக் குழிகள் இடவேண்டும். ஒவ்வொரு குழியிலும் மேல்மண் எவ்வளவு, களி எவ்வளவு, கிறவல் எங்கே தொடங்குகிறது, நிலத்தடி நீர் எத்தனை அடியில் நிற்கிறது எனக் குறிக்கவேண்டும். களி நீரைத் தடுக்கும். கிறவலும் கல்லும் கட்டுக்கு வலுவூட்டும். எந்த மண் எந்த இடத்துக்கு, எவ்வளவு ஈரத்தில், எவ்வளவு இறுக்கி என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்படும். தோண்டிய மண் இளகிப் பருக்கும். நிலத்தில் நான்கு கியூப் கிடந்தது வண்டியில் ஐந்து கியூபாகும். இறுக்கினால் மீண்டும் சுருங்கும். இந்தக் கணக்கெல்லாம் தெரியாதவன் அணை கட்டினால் முதல் மாரியிலேயே அணை போய்விடும். ஆகவே ‘ஆழம்’ என்ற சொல் இப்பகுதியில் முதன்முதலாக முறையாக எழுதப்பட்டது கல்லோயாத் திட்டத்திலேதான் என்று கொள்ளலாம்.

ஆனால் அணையின் நலனுக்காகவே அது எழுதப்பட்டது. நீரும் நிலமும் எவருக்கு என்ற கணக்கு வேறு அறையில் போடப்பட்டது. மேலே குடியேற்றம், கீழே பழைய வயற்காரர். 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டமை, 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டமை, இடதுகரை வாய்க்காலின் கடைக்கோடியில் நீருக்காகக் காத்திருந்த தமிழ் பேசும் விவசாயிகளின் பாடு, இவற்றையெல்லாம் விரிப்பின் இக்கட்டுரை வேறாகிவிடும். மண்ணுக்குத் திட்டம் தீட்டத் தெரிந்தவர்களால் மனிதருக்குத் தீட்ட இயலவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

வடக்கில் இதே காலத்தில் வேறொரு குழி திறக்கப்பட்டது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. சுண்ணக்கல் ஆலையின் அருகிலேயே கிடைத்தது. களிமண் மன்னாரின் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. சீமெந்து என்பது சுண்ணக்கல்லும் களியும் ஒன்றாக எரிந்து பிறக்கும் பொருள் என்பதை நம் மாணவர் பலர் அறியார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர் அந்தச் சுண்ணக்கல்லின் துளைகளிலேதான் தங்கியிருக்கிறது. கடலோரத்தில் கல்லை ஆழமாக எடுத்தால் உப்புநீர் உள்ளே வரும். 1990இல் போர் ஆலையை மூடிற்று, குழிகள் கிடக்கின்றன. புத்தளத்து ஆலைக்காக அறுவைக்காட்டில் சுண்ணக்கல் எடுத்த இடத்தின் பிற்கதை இன்னும் வியப்பானது. கொழும்பு நகரின் குப்பையைக் கொட்டும் இடம் அதனருகே 2019இல் திறக்கப்பட்டது. தலைநகரின் மாடிகளுக்குச் சுண்ணாம்பு கொடுத்த மண், அம்மாடிகளின் கழிவையும் வாங்கிக்கொண்டது. புத்தளத்து மக்கள் நெடுநாள் போராடினர், கேட்பாரில்லை.

1978 நவம்பர் 23இல் சூறாவளி நம் கரையைத் தாக்கிற்று. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிற்று. இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை வீடிழந்தவர்க்கு வீடு எழவேண்டியிருந்தது. எழத்தான் வேண்டும். அந்த ஆண்டுகளில் செங்கல்லுக்கும் மணலுக்கும் கிறவலுக்கும் எழுந்த கேள்வியை இக்கரையில் வாழ்ந்த எவரும் மறக்கமாட்டார். இரவும் பகலும் டிப்பர் வண்டிகள் ஓடின. சூளைகள் உமியும் விறகும் தேடி அலைந்தன. எத்தனை வீடுகள் என்று எண்ணினர். எவ்வளவு பணம் என்று எண்ணினர். எத்தனை ஏக்கர் வயல் எத்தனையடி தாழ்ந்தது என்று எண்ணியதாக நாம் அறியோம். வீடு கட்டிய ஏழைமீது நாம் குறை கூறுவதாக எவரும் கருதவேண்டாம். அவனுக்கு வீடு கொடுத்த மண் அவனைப் போன்ற இன்னொரு ஏழையின் வயலிலிருந்து வந்தது. இடையில் நின்று இலாபம் கண்டவன் இருவரிலும் ஒருவனல்லன்.

இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருட் சட்டம் உண்டு. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் உண்டு. நிலம் எவருடையதாயினும் கனிப்பொருள் குடியரசுக்கு உரியது. களியோ கிறவலோ மணலோ எடுப்பவர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். கொண்டுசெல்லவும் அனுமதி வேண்டும். வேலை முடிந்ததும் நிலத்தைச் சீர்செய்ய ஈடு கட்டவேண்டும். வாசிக்க நல்ல சட்டம். ஆனால் அனுமதிப்பத்திரம் எடுப்பவன் கையில் இருக்கிறது. வயற்காரன் கையில் இருப்பது அந்த ஒரு தாள் உறுதி. இரு தாள்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

முறையாகத் திட்டமிட்ட மண்குழி எப்படியிருக்கும் என்று மாணவர்க்கு விளக்கியதை இங்கும் சொல்லுவோம். சோதனைக் குழியிட்டுப் படைகளை அறிந்தபின், ஓரடி மேல்மண்ணை வழித்து ஒருபுறம் காக்கவேண்டும். பயிரின் உயிர் அதிலேயே இருக்கிறது. காணியைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, தாழ்ந்த முனையிலிருந்து தொடங்கவேண்டும். அப்போதுதான் நீர் வடியும். முதற்கீற்று முடிந்ததும் இரண்டாம் கீற்றின் மேல்மண் முதற்கீற்றுக்குப் போகும். இப்படியே சென்றால் முழுக் காணியும் ஒரே காலத்தில் பாழாகாது. அடுத்தவன் வரம்பிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் விலகி நிற்கவேண்டும். ஓரம் செங்குத்தாயின் மாரியில் சரியும், ஆகவே சாய்வு விடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதி ஆழம் வடிகாலின் அடிமட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். அதற்குக் கீழே போவதாயின் அது இனி வயலன்று, குளம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, குளத்தின் விலையைக் கொடுக்கவேண்டும். இவற்றுள் எதுவும் பெரிய வித்தையன்று. ஏழாம் வகுப்புக் கணக்கும் ஒரு நீர்மட்டக் குழாயும் போதும்.

இப்போது ஒலுவில் துறைமுகத்துக்கு வருவோம். கல்முனை மண்ணின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப், 1994இல் துறைமுக அமைச்சரானபின் கண்ட கனவு அது. தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதே ஊரில் அக்காலத்திலேயே தோன்றிற்று. 2000 செப்டெம்பர் 16இல் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். டென்மார்க்கின் கடனில், ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ செலவில், 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பர் முதலாம் நாள் துறைமுகம் திறக்கப்பட்டது. கப்பல் வரவில்லை. கடலுக்குள் நீட்டிய கல்லணைகள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வாயிலில் மேடு விழுந்து மீன்பிடிப் படகுகளும் உள்ளே போக முடியாமற் போயின. வடக்கே கடல் கரையைத் தின்றது. ஒலுவிலின் தென்னந்தோப்புகள் வேரோடு அலையில் விழுந்தன. நிந்தவூர்ப் பக்கமும் அரிப்பு நகர்ந்தது. படகுக்காரர் வாயிலில் மணல் தோண்டு என்கின்றனர். கரையோரத்துக் காணிக்காரர் தோண்டிய மணலை எங்கள் கரையில் கொட்டு என்கின்றனர். இரண்டும் நியாயமே. ஒரு மணலைத் தோண்டுவது பற்றிய வழக்கு இரு ஏழைச் சமூகங்களிடையே பகையாக மாறியிருக்கிறது.

இவ்விடத்தில் டென்மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. டேனியர் இக்கரைக்கு முதன்முறை வந்தது 1620இல். ஓவே ஜெட்டே என்பவனின் கப்பல்கள் திருகோணமலையில் காலூன்ற முயன்று, முடிவில் தரங்கம்பாடிக்கே உரியவாயின. நாம் சொல்லவந்தது அதுவன்று. டென்மார்க்கில் இரும்பும் பொன்னும் சுரங்கங்களில் இல்லை; அந்நாடு தோண்டுவது பெரும்பாலும் நம்மைப்போலவே களியும் கிறவலும் மணலுமே. அதற்கென்றே 1972இல் அவர்கள் சட்டம் செய்தனர். இன்று அந்நாட்டின் பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் எந்த வயலில் எவ்வளவு கிறவல் கிடக்கிறது என்று வரைந்து, எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்று திட்டமெழுதி, மக்கள் முன் வைத்து, நான்கு ஆண்டுக்கொருமுறை மறுபடி பார்க்கவேண்டும். குழிக்கு அயலில் வாழ்பவன் எழுந்து தன் ஆட்சேபத்தைச் சொல்லலாம். அங்கும் பணமுடையோன் வெல்வதுண்டு. முதலாளித்துவ நாடு சொர்க்கமாகிவிடவில்லை. ஆனால் கடன்கொடுத்த நாட்டிலிருந்து நமக்குக் கல்லணைகள் வந்தன. அந்த நான்காண்டுத் திட்டம் வரவில்லை. கடன் வாங்கச் சென்றவர்கள் அதைக் கேட்டதாகவும் தெரியவில்லை.

மாணவனின் தந்தையிடம் நாம் சென்று பேசினோம். ஏழடிப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, “உறுதி எழுதக்குள்ள ஆழம் கேக்கணும் எண்டு எங்களுக்கு ஆர் சொல்லித் தந்த?” என்றார். கோபமில்லை, வியப்புத்தான் இருந்தது. அந்தக் காணி இனி வயலாகாது. மீன் வளர்க்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அயற்காணிக்காரரும் சூளைக்கு மண் கொடுக்கப் பேசி முடித்திருந்தார். அவருக்காக வயற்கூட்டத்தில் நால்வர் அமர்ந்து புதிதாக ஓர் உறுதி எழுதினோம். ‘இன்றுள்ள வரம்பு மட்டத்திலிருந்து இரண்டரை அடிக்கு மேற்படாமல், மேல்மண் ஓரடியையும் காணிக்காரருக்கே திருப்பிக் கொடுத்து’ என்ற வரியை அந்த மாணவனே தன் கையால் எழுதினான். வட்டை விதானை வடிகாலின் மட்டத்தை அளந்து சொன்னார். தரகர் வந்து தாளை வாங்கி, முதலாளியிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். இருபது நாளாகிறது, இன்னும் வரவில்லை. சிறுபோகத்துக்கு உழவு தொடங்கிவிட்டது, அயற்காணிக்காரர் விதைநெல்லை ஊறவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.